ஏற்றுமதித் தடை விழுந்த பிறகு கோதுமை வாங்குவது எப்படி

கோதுமை விற்கும் நாடு ஒன்று ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இறக்குமதியாளர் முதலில் செய்வது தரகரை அழைத்து விலை கேட்பதுதான். அது சில மணி நேரம் பொறுக்கலாம். அன்றைக்குக் காசைக் காப்பாற்றுபவை இரண்டு தாள்கள்: அந்நாட்டு அரசின் அறிவிக்கை, உங்கள் கையிலுள்ள ஒப்பந்தம். எல்லாரும் அஞ்சுவது முழுத் தடைக்கு. ஆனால் முழுத் தடை பெரும்பாலும் ஒப்பந்தத்தை முடித்து வைத்துவிடும். நீங்கள் வேறு இடம் தேடிப் போகலாம். அதிகம் கையைக் கடிப்பவை ஒப்பந்தத்தை உயிரோடு விட்டுக் கணக்கை மட்டும் கலைக்கிற ஏற்றுமதி வரியும், கப்பலைத் துறைமுகத்தில் காக்க வைக்கிற, இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற அளவு வரம்பான கோட்டாவும்தான்.

அறிவிக்கையில் தேட வேண்டியவை

முதலில் சுங்கக் குறியீடு. கோதுமை 1001, கோதுமை மாவு 1101. கடினக் கோதுமையான டியூரமும் 1001-இன் கீழேயே தனி உட்பிரிவாக வரும். தடை எந்தக் குறியீட்டுக்கு என்று பார்க்காமல் ‘கோதுமைக்குத் தடை’ என்ற தலைப்பை மட்டும் நம்பினால், திறந்திருக்கும் வழியைத் தவறவிடுவீர்கள், அல்லது அடுத்து மூடப்போகும் வழியில் பணத்தைப் போடுவீர்கள். இந்தியா 2022 மே 13 அன்று கோதுமை ஏற்றுமதியைத் தடுத்தபோது மாவு அதில் இல்லை. வாங்குவோர் மாவுக்குத் திரும்பினார்கள். ஜூலையில் மாவுக்கு அமைச்சகங்களுக்கிடையிலான குழுவின் ஒப்புதல் கட்டாயமானது. ஆகஸ்ட் இறுதியில் மாவும் தடைப்பட்டியலுக்குப் போனது. தானியத்தை மூடிவிட்டு மாவைத் திறந்து வைத்திருக்கும் நாடு சில மாதங்களில் மாவையும் மூடும் என்று எண்ணிக்கொண்டே ஒப்பந்தம் போடுங்கள்.

அடுத்தது வெட்டு நாள், அதாவது எந்த நாளுக்கு முன் எந்தக் கட்டத்தைத் தாண்டிய சரக்குக்கு விலக்கு என்பது. ஒப்பந்தம் கையெழுத்தான நாளா, எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) திறந்த நாளா, சுங்கத்தில் பதிவான நாளா, கப்பலில் ஏறத் தொடங்கிய நாளா? ஒவ்வொரு நாடும் ஒவ்வொன்றைப் பிடிக்கும். இந்தியாவின் 2022 அறிவிக்கை, மே 13 அல்லது அதற்கு முன் திறக்கப்பட்ட, திரும்பப் பெற முடியாத எல்.சி.யை மட்டும் ஏற்றது. மே 17 அன்று, மே 13 வரை சுங்கப் பரிசோதனைக்கு ஒப்படைத்துப் பதிவான சரக்கும் விடுவிக்கப்பட்டது. காண்ட்லா துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நின்ற லாரிகளுக்கு ஒப்பந்தம் இருந்தது, பணம் பேசி முடித்திருந்தது. அதெல்லாம் கணக்கில் வரவில்லை. முன் தேதியிட்ட எல்.சி.க்கள் நுழைகின்றன என்று தெரிந்ததும், வங்கிகளுக்கிடையே ஸ்விஃப்ட் செய்தி போன நாளே ஆதாரம் என்று இறுக்கினார்கள்.

இதிலிருந்து ஒரு பழக்கம்: தடை வரலாம் என்ற பேச்சு இருக்கும் நாட்டில் வாங்கினால், ஏற்றுமதி இரண்டு மாதம் கழித்து என்றாலும் எல்.சி.யை உடனே திறந்துவிடுங்கள். கூடுதலாகப் போவது சில வார வங்கிக் கமிஷன். நழுவினால் போவது மொத்தச் சரக்கு.

மூன்றாவது, விலக்கு பெற்ற நாடுகள். அரசுக்கு அரசு கேட்டுப் பெறும் அனுமதி என்ற வாசல் பெரும்பாலும் இருக்கும். உங்கள் நாட்டு அரசு கேட்டால்தான் அது திறக்கும். தனியார் ஆலை நேரடியாகத் தட்டிப் பயனில்லை. ஆலைகளின் சங்கம் வழியாக உணவு அமைச்சகத்துக்கு அளவு, மாதம், துறைமுகம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

நான்காவது, அறிவிக்கையே இல்லாத தடை. 2014 இறுதியில் ரஷ்யாவில் சட்டப்படி தடை ஏதும் இல்லை. சரக்கில் நோயும் பூச்சியும் இல்லை என்று அரசு தரும் தாவர நலச் சான்று மட்டும் வராமல் நின்றது. 2015 பிப்ரவரி 1 முதல்தான் முறையான வரி வந்தது. இத்தகைய நிலையில் விற்பவரால் ‘அரசு தடுத்தது’ என்று காட்டத் தாளே இருக்காது. சான்றுக்கு எந்த நாளில் விண்ணப்பித்தார், என்ன பதில் வந்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் நடுவர் மன்றம் முதலில் கேட்பது அதைத்தான்.

உலக வர்த்தக அமைப்பின் விதியை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். காட் என்ற பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவு, உணவுத் தட்டுப்பாட்டைத் தடுக்கத் தற்காலிகக் கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது. வேளாண் ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு, முன்கூட்டித் தெரிவிக்கவும் இறக்குமதி நாடுகளின் நிலையைக் கருத்தில் கொள்ளவும் சொல்கிறது, அவ்வளவுதான். 2022 ஜூனில் உறுப்பு நாடுகள் உறுதியாக ஒப்புக்கொண்ட விலக்கு, உலக உணவுத் திட்டம் மனிதாபிமான உதவிக்கு வாங்கும் தானியத்துக்கு மட்டுமே.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது

பன்னாட்டுத் தானிய வணிகத்தில் பெரும்பகுதி லண்டனிலுள்ள காஃப்டா சங்கத்தின் படிவங்களில் நடக்கிறது. கருங்கடல் எஃப்.ஓ.பி. கோதுமைக்கு (விற்பவர் ஏற்றித் தருவார், கப்பல் வாங்குபவருடையது) 49-ஆம் எண் படிவம் பழக்கமானது. அதன் தடைப் பிரிவின் சாரம்: ஏற்றுமதி நாட்டு அரசு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினால், அந்தக் கட்டுப்பாடு எந்த அளவுக்கு நிறைவேற்றத்தைத் தடுக்கிறதோ அந்த அளவுக்கு ஒப்பந்தம் ரத்து. ‘அந்த அளவுக்கு’ என்ற சொல்லில்தான் வழக்குகள் நிற்கின்றன.

2010 கோடையில் ரஷ்யாவில் வறட்சியும் காட்டுத்தீயும். ஆகஸ்ட் 5 அன்று தடை அறிவித்து, 15-ஆம் தேதி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நோவோரோசிஸ்க் துறைமுகத்தில் ஆகஸ்ட் 23 முதல் 30-க்குள் 25,000 டன் கொடுக்க வேண்டிய விற்பனையாளர் ஒருவர், ஆகஸ்ட் 9 அன்றே ஒப்பந்தம் ரத்து என்று எழுதிவிட்டார். வாங்கியவர் அதை ஒப்பந்த முறிவாக எடுத்துக்கொண்டு நட்டஈடு கேட்டார். பங்கி எதிர் நிடேரா என்ற அந்த வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2015-இல் முடிந்தது. தீர்ப்பு இது: விற்பவர் அவசரப்பட்டார், அது முறிவே. ஆனால் தடை நீடித்ததால் சரக்கு எப்படியும் வந்திருக்காது. ஆகவே வாங்கியவருக்கு உண்மையான நட்டம் இல்லை. நடுவர் மன்றம் கொடுத்திருந்த முப்பது லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை வெறும் 5 டாலராகச் சுருங்கியது.

வாங்குபவருக்கு இதில் பாடம் நேரடியானது. விற்பவர் முன்கூட்டியே கைவிரித்தால், ‘வித்தியாசத்தை அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம்’ என்ற நினைப்பில் எந்த விலைக்கும் மாற்றுச் சரக்கு வாங்காதீர்கள். மாற்று வாங்குங்கள், ஆனால் உங்கள் சொந்தக் காசு என்று எண்ணி வாங்குங்கள்.

காஃப்டாவின் பிற்காலப் படிவங்கள் பலவற்றில் தடையும் பிற தடங்கல்களும் ஒரே பிரிவுக்குள் வந்துவிட்டன. நாள் கணக்கு வழக்கமாக இப்படிப் போகும்: தடங்கல் நிகழ்ந்த 7 நாளுக்குள், அல்லது ஏற்றுமதிக் காலம் தொடங்க 21 நாளுக்கு முன், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் விற்பவர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஏற்றுமதிக் காலம் முடிந்து 21 நாள் கடந்தும் தடங்கல் நீங்காவிட்டால் ரத்து செய்யும் உரிமை வாங்குபவருக்கு. அந்த உரிமையை அடுத்த வேலை நாளுக்குள் பயன்படுத்தாவிட்டால் ஒப்பந்தம் மேலும் 14 நாள் ஓடி, அதன் பிறகே தானாக ரத்தாகும். படிவ எண்ணும் பதிப்பு ஆண்டும் மாறினால் நாள்களும் மாறும் என்பதால், உங்கள் ஒப்பந்தம் குறிப்பிடும் பதிப்பையே திறந்து வைத்து நாட்காட்டியில் குறியுங்கள். தவறவிட்ட அந்த ஒரு வேலை நாள் உங்களைப் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வாரம் கட்டிப்போடும். அதற்குள் மாற்றுச் சரக்கும் வாங்கியிருந்தால் இரட்டைச் சுமை.

புதிதாக ஒப்பந்தம் போடுவதானால், ஒரே நாட்டைப் பெயரிடாமல் ‘ரஷ்யா, ருமேனியா, பல்கேரியா, உக்ரைன், பிரான்ஸ், தேர்வு விற்பவருடையது’ என்பது போல எழுதுங்கள். டன்னுக்குச் சில டாலர் கூடக் கேட்பார்கள். கொடுங்கள். ஒரு நாடு மூடினால் விற்பவர் வேறு நாட்டிலிருந்து தந்தாக வேண்டும். தடைப் பிரிவைக் காட்டித் தப்ப முடியாது. எகிப்தின் அரசுக் கொள்முதல் அமைப்பு பல ஆண்டுகளாகப் பல நாடுகளை ஒரே டெண்டரில் அழைத்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தரக் குறிப்பை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் மலிவான நாட்டின் பலவீனமான கோதுமைதான் வந்து இறங்கும்.

வரி என்ற தொல்லை

ரஷ்யா 2020 டிசம்பரில், அடுத்த பிப்ரவரி 15 முதல் கோதுமைக்கு டன்னுக்கு 25 யூரோ வரி என்றது. ஜனவரியில் அதை மாற்றி, மார்ச் 1 முதல் 50 யூரோ என்றது. ஜூன் 2 முதல் மிதக்கும் வரி: அடிப்படை விலையான 200 டாலருக்கு மேலே சந்தைக் குறியீட்டு விலை எவ்வளவு இருக்கிறதோ, அதில் 70 சதவீதம். 2022 ஜூலை முதல் இந்தக் கணக்கு ரூபிளில் நடக்கிறது. விகிதம் வாரந்தோறும் மாறும்.

குறியீட்டு விலை 300 டாலர் என்றால் வரி 70. விலை 320 ஆனால் வரி 84. உலக விலை 20 டாலர் ஏறும்போது அங்குள்ள உழவர் பக்கம் போவது 6 டாலர்தான். அதனால் அவர் விற்காமல் பிடித்து வைப்பார், ஏற்றுமதியாளருக்குச் சரக்குத் திரளாது, உங்கள் கப்பல் காத்திருக்கும். இது தடை என்ற பெயரில்லாத தடை.

காகிதத்தில், எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில் ஏற்றுமதி வரி விற்பவர் தலையில். அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு ஒரு கணக்கு. 30,000 டன்னுக்கு 50 யூரோ என்றால் 15 லட்சம் யூரோ. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்குப் பிணையாக விற்பவர் கொடுத்திருக்கும் செயல் உத்தரவாதம் ஒப்பந்த மதிப்பில் 5 சதவீதம். விலை 280 டாலர் என்றால் டன்னுக்கு 14 டாலர். சிறு விற்பனையாளருக்கு வரியைக் கட்டுவதைவிட உத்தரவாதத்தை இழந்துவிட்டு ஓடுவது லாபம். ஆகவே வரி மாறக்கூடிய நாட்டில் வாங்கும்போது உத்தரவாதத்தை 10 சதவீதமாக்குங்கள், அல்லது வரி உயர்வை இவ்வளவு வரை விற்பவர், அதற்கு மேல் பாதிப் பாதி என்று முன்பே எழுதிவிடுங்கள். எந்த நாளின் விகிதம் என்பதையும் எழுதுங்கள்: பொதுவாக ஏற்றுமதியாளர் சுங்கத்தில் கொடுக்கும் படிவம் பதிவாகும் நாள். கப்பல் தாமதமானதால் அடுத்த வார விகிதம் விழுந்தால் யார் பொறுப்பு என்பதையும் அதற்கு அடுத்தே எழுதுங்கள்.

கோட்டாவில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். ரஷ்யக் கோட்டா ஆண்டுதோறும் பிப்ரவரி 15 முதல் ஜூன் 30 வரை ஓடுகிறது. ஏற்றுமதியாளரின் முந்தைய ஏற்றுமதியை வைத்துப் பங்கு பிரிக்கிறார்கள். விற்பவரிடம் தன் பெயரில் கோட்டா இருக்கிறதா, அல்லது மற்றவரிடம் வாங்கிக் கொடுக்கப் போகிறாரா என்று கேளுங்கள். பின்னது என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கப்பல் யார் கையில்

எஃப்.ஓ.பி.யில் கப்பல் உங்களுடையது. தடை விழும்போது கப்பல் வந்துகொண்டிருந்தால் வாடகையும் தாமதக் கட்டணமும் உங்கள் கணக்கில் ஏறும். கட்டுப்பாடு பேச்சில் இருக்கும் காலத்தில் கப்பலை விற்பவரே ஏற்பாடு செய்யும் சி.எஃப்.ஆர். அல்லது காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். முறையில் வாங்குவதே நல்லது. எஃப்.ஓ.பி. தவிர வழியில்லை என்றால், வாடகை ஒப்பந்தத்தில் ஏற்றும் துறைமுகத்தை மாற்றும் உரிமையைச் சேருங்கள்: ரஷ்யாவின் நோவோரோசிஸ்க், அல்லது ருமேனியாவின் கான்ஸ்டன்சா, அல்லது பல்கேரியாவின் வர்னா என்பது போல. கூடுதல் தூரத்துக்கான கட்டணத்தையும் அப்போதே பேசி முடியுங்கள். தடை விழுந்த பின் கப்பல்காரர் சொல்வதே விலை. கப்பலின் அளவும் பார்க்க வேண்டும். கான்ஸ்டன்சாவில் பனாமாக்ஸ் என்ற பெரிய வகைக் கப்பலில் 60,000 டன்னுக்கு மேல் ஏறும். அஸோவ் கடல் ஆழமற்றது. அங்கே சில ஆயிரம் டன் கொள்ளும் சிறு கப்பல்கள்தான்.

போர்க்காலத்தில் பாதை திறந்திருப்பதும் ஓர் ஏற்பாட்டைப் பொறுத்தது. 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில் கையெழுத்தான கருங்கடல் தானிய ஏற்பாட்டின் வழியே உக்ரைனின் ஒடேசா, சோர்னோமோர்ஸ்க், பிவ்தென்னி துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய 3.3 கோடி டன் தானியமும் உணவுப் பொருளும் போயின. 2023 ஜூலையில் ரஷ்யா விலகியதும் ஏற்பாடு நின்றது. இப்படிக் காலாவதி தேதியுள்ள ஏற்பாட்டின் கீழ் வாங்கினால், ஏற்றுமதிக் காலம் அந்தத் தேதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக முடியட்டும். ஆய்வுக்கு வரிசையில் நிற்கும் நாள்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எவ்வளவு, எப்போது வாங்குவது

இந்தியத் தடைக்குப் பின் சந்தை திறந்த முதல் நாள், 2022 மே 16, சிகாகோ முன்பேரச் சந்தையில் கோதுமை, ஒரு நாளில் ஏறலாம் என்ற உச்ச வரம்பான 70 சென்ட் (ஒரு புஷலுக்கு, அதாவது ஏறக்குறைய 27 கிலோவுக்கு) ஏறி நின்றது. ஒரு புஷலுக்கான சென்ட்டை 0.3674-ஆல் பெருக்கினால் டன்னுக்கான டாலர் கிடைக்கும். ஆக அந்த ஒரு நாள் ஏற்றம் டன்னுக்கு ஏறக்குறைய 25.7 டாலர். ஜூலை நடுவில் விலை புஷலுக்கு 8 டாலருக்கும் கீழே போய்விட்டது. முதல் வாரப் பதற்றத்தில் ஆறு மாதத் தேவையை வாங்கியவர்கள் அந்தச் சரிவு முழுவதையும் சுமந்தார்கள். ‘அப்படியானால் எப்போதும் பொறுத்திருக்கலாம்’ என்று முடிவு கட்டவும் முடியாது. 2010 ஆகஸ்ட் உச்சத்துக்குப் பிறகு விலை கொஞ்சம் இறங்கியது. 2011 பிப்ரவரியில் அதையும் தாண்டியது.

எனவே விலையை ஊகிப்பதை விட்டுவிட்டு, ஆலை நிற்காமல் ஓடத் தேவையான அளவைக் கணக்கிடுங்கள். பேரம் பேசி எல்.சி. திறக்க 10 நாள், கப்பல் வந்து சேர 10, ஏற்ற 5, பயணம் 25, இறக்கிப் பரிசோதிக்க 7, தாமதத்துக்கு 8 என்று வைத்தால் 65 நாள். ஒரு நாளைக்கு 300 டன் அரைக்கும் ஆலைக்கு 19,500 டன். கையிருப்பும் கடலில் உள்ளதும் சேர்ந்து இதற்குக் கீழே இருந்தால், குறையும் அளவை மட்டும் என்ன விலையானாலும் இன்றே வாங்குங்கள். மீதித் தேவையை மூன்று பங்காக்கி, அடுத்த அறுவடை நாட்காட்டியைப் பார்த்துப் பிரித்து வாங்கலாம்: வட அரைக்கோளத்தில் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நவம்பர் முதல் ஜனவரி வரை.

முன்பேரச் சந்தையில் விலை மாற்றத்துக்குக் காப்பு எடுப்பவர்கள் பணத்தைத் தயாராக வைக்க வேண்டும். சிகாகோவின் ஒரு ஒப்பந்தம் 5,000 புஷல், 136 டன். 30,000 டன்னுக்கு 220 ஒப்பந்தம். எதிர்த் திசையில் 70 சென்ட் நகர்ந்தால் ஒரே நாளில் 7,70,000 டாலர் கட்ட வேண்டும். வரம்பில் விலை பூட்டிக்கொண்டால் வெளியேறவும் முடியாது. வாங்குவது கருங்கடல் கோதுமை என்றால் பாரிஸிலுள்ள யூரோநெக்ஸ்ட் அரவைக் கோதுமை ஒப்பந்தம் சிகாகோவைவிட நெருக்கமாக நகரும். அதன் அளவு 50 டன்.

மாற்று நாட்டுக் கோதுமையை ஒப்பிடுவது

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். சான்றிதழில் இருக்கும் புரத எண் நாட்டுக்கு நாடு வேறு அடிப்படையில் எழுதப்படுகிறது. ரஷ்யாவிலும் ஐரோப்பாவிலும் ஈரம் நீக்கிய உலர் அடிப்படை. அமெரிக்காவில் 12 சதவீத ஈரத்தில், கனடாவில் 13.5 சதவீத ஈரத்தில், ஆஸ்திரேலியாவில் 11 சதவீத ஈரத்தில். ரஷ்யாவின் 12.5 புரதம் அமெரிக்கக் கணக்கில் 11.0 (12.5 × 0.88). கனடாவின் 13.5 உலர் அடிப்படையில் 15.6 (13.5 ÷ 0.865). எல்லாவற்றையும் உலர் அடிப்படைக்குக் கொண்டுவந்த பிறகே விலையைப் பாருங்கள்.

ரஷ்யக் கோதுமை நின்று, 11 புரதமுள்ள பிரெஞ்சுக் கோதுமையும் கனடாக் கோதுமையும் கலந்து 12.5 ஆக்க வேண்டும் என்றால், கனடாப் பங்கு (12.5 − 11) ÷ (15.6 − 11), அதாவது மூன்றில் ஒரு பங்கு. இது புரதக் கணக்கு மட்டும். பசைமத்தின் (குளூட்டன்) வலு இந்த நேர்க்கோட்டில் போகாது. ஒரு சிறு அளவை அரைத்து, பிசைந்து, சுட்டுப் பார்க்காமல் கலவையை முடிவு செய்யாதீர்கள்.

விலையையும் உலர் பொருளுக்கு மாற்றுங்கள். 13.5 சதவீத ஈரத்தில் 250 டாலர் என்பது உலர் டன்னுக்கு 289. 10.5 சதவீத ஈரத்தில் 255 டாலர் என்பது 285. ஐந்து டாலர் அதிகமாகத் தெரிந்த கோதுமை உண்மையில் மலிவு. அரைப்பதற்கு முன் 16 சதவீதத்துக்கு நனைக்கும்போது முதலாவது டன்னுக்கு 30 லிட்டர் தண்ணீர் வாங்கும், இரண்டாவது 65 லிட்டர்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பழைய நோய் உண்டு. கருங்கடல் கோதுமையில் பசைமத்தைக் கெடுக்கும் நாவாய்ப்பூச்சிக் கடி: கடிபட்ட மணிக்கு உச்ச வரம்பு எழுதுங்கள். மேற்கு ஐரோப்பாவில் அறுவடை மழை: முளைத்த மணியால் ஃபாலிங் நம்பர் (முளைப்புச் சேதத்தை நொடிகளில் காட்டும் சோதனை அளவு) விழும், ரொட்டி மாவுக்குக் குறைந்தது 250 நொடி கேளுங்கள். இந்தியக் கோதுமையில் கர்னால் பன்ட் பூஞ்சை. அதைத் தடுக்கும் நாடுகள் நிறைய. எர்கட் என்ற நச்சுப் பூஞ்சையின் வரம்பை 0.05 சதவீதம் என்று எழுதலாம். பூஜ்யம் என்று எழுதினால் யாரும் விற்க முன்வர மாட்டார்கள் என்பதை எகிப்து 2016-இல் கண்டது. மாற்று நாடு உங்கள் நாட்டின் தாவர நலப் பட்டியலில் இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்துக்கு முன் கேளுங்கள்; இறக்குமதி அனுமதியே வாரக்கணக்கில் இழுக்கலாம்.

தடை நிலவும் காலத்தில் சந்தையைவிடக் கணிசமாக மலிவான சரக்கு வந்தால், எந்த நாட்டு விளைச்சல் என்று சொல்லும் மூலச் சான்றைச் சந்தேகியுங்கள். மூடிய நாட்டின் கோதுமை பக்கத்து நாட்டுப் பெயரில் வருவது பழைய வழக்கம். ஏற்றிய துறைமுகம், கப்பல் அங்கே நின்ற நாள், தாவர நலச் சான்றின் எண் மூன்றும் பொருந்துகின்றனவா என்று வழங்கிய அலுவலகத்திலேயே கேட்டுச் சரிபார்க்கலாம். பொருந்தாத ஆவணத்துக்கு வங்கி பணம் விடுவிக்கத் தயங்கும், காப்பீடும் கைகொடுக்காது.

தடை நீங்கும்போது

ரஷ்யத் தடை 2011 ஜூலை 1 அன்று நீங்கியது போல, பெரும்பாலும் புது அறுவடையோடு ஒட்டித்தான் கதவு திறக்கும். முதலில் வெளிவருவது தேங்கிக் கிடந்த பழைய சரக்கு. ஒப்பந்தத்தில் அறுவடை ஆண்டைக் குறிப்பிடுங்கள். ‘நல்ல வணிகத் தரம்’ என்று மட்டும் எழுதினால் பழையதும் புதியதும் கலந்து வரும். ஏற்றும் துறைமுகத்தில் உங்கள் சார்பில் ஆய்வாளர் நிற்கட்டும். உயிருள்ள பூச்சி, புழுங்கிய வாடை, ஈரப்பதம், ஃபாலிங் நம்பர் ஆகியவற்றை ஒவ்வொரு கப்பல் அறைக்கும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தக் கப்பலுக்கும் ஒரே சராசரி எடுத்தால் ஓர் அறையின் கெட்ட சரக்கு மற்றவற்றுள் மறைந்துவிடும். ஏற்றும்போது எடுத்து முத்திரையிட்ட மாதிரியில் ஒரு தொகுதி உங்கள் கைக்கு வந்த பிறகே கடைசிப் பணத்தை விடுங்கள். பூச்சியைக் கொல்ல பாஸ்ஃபைன் நச்சு வாயுப் புகைமூட்டம் கொடுத்த கப்பல் என்றால் மருந்து போட்ட நாளும் அளவும் எழுதிய தாள் கப்பலோடு வர வேண்டும். வாயு அளவைச் சோதித்து எழுத்தில் அனுமதி கிடைக்கும் வரை இறக்கும் ஆட்களை அறைக்குள் விடக்கூடாது.